இருபதாவது வெற்றியை எந்தக் கணக்கில் எழுதுவது?

பி.காம். படித்த நாட்களில் எனக்குக் கடைசிவரை புரியாமலே பாஸான சமாச்சாரம் ஒன்று உண்டு. பெயர் 'குட்வில்'. ஒரு கடையை விற்கும்போது கட்டடத்துக்கு இவ்வளவு, சரக்குக்கு இவ்வளவு, மேஜை நாற்காலிக்கு இவ்வளவு என்று விலை போட்டுவிட்டு, ஜனங்களுக்கு அந்தக் கடை மேல் இருக்கிற பிரியத்துக்கும் ஒரு விலை போட்டு சொத்துப் பட்டியலில் எழுதுவார்கள். "பிரியம் ஜனங்களோடது, சொத்து மட்டும் எப்படி ஸார் முதலாளியோடது?" என்று புரொபஸரைக் கேட்டேன். "பரீட்சைக்கு வராததையெல்லாம் கேக்காதே, உட்காரு" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கேள்வி பல வருஷம் கழித்து, ஒரு பேஸ்பால் டீமின் கதையைப் படிக்கும்போது மறுபடி எழுந்து நின்றது.

"பேஸ்பாலா? ஆளை விடு!" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுக்கவும். ஆட்டம் தெரியாவிட்டால் பாதகமில்லை. இரண்டு டீமும் மாற்றி மாற்றி ஒன்பது இன்னிங்ஸ் ஆடுவார்கள். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். பந்தை அடித்துவிட்டு நாலு முனைகளையும் சுற்றி வந்தால் ஒரு ரன். நம் சிக்ஸர் மாதிரி மைதானத்தைத் தாண்டி அடித்தால் ஹோம் ரன். இவ்வளவு போதும். இந்தக் கதையில் பாதிதான் ஆட்டம். மீதிப் பாதி பேரேடு.

கலிஃபோர்னியாவில் ஒரு நீளமான பாலம். ஒரு பக்கம் சான்ஃபிரான்சிஸ்கோ, பணக்காரப் பெரியப்பா மாதிரி. மறு பக்கம் ஓக்லாண்ட்: துறைமுகம், கிரேன், கண்டெய்னர் லாரி. இந்த ஓக்லாண்டின் டீம்தான் அத்லெட்டிக்ஸ். 2001 கடைசியில் அவர்களுக்கு வந்த கஷ்டம் எந்தச் சின்னக் கம்பெனிக்கும் வரக்கூடியதுதான். நன்றாக வேலை செய்த மூன்று பேரைப் பெரிய கம்பெனிகள் கொத்திக்கொண்டு போய்விட்டன. ஜேஸன் ஜியாம்பி என்ற அடிதடி மன்னனுக்கு நியூயார்க் யாங்கீஸ் கொடுத்தது ஏழு வருஷத்துக்கு 12 கோடி டாலர். ஜானி டேமன் பாஸ்டனுக்குப் போனார். கடைசி இன்னிங்ஸில் பந்து வீசும் இஸ்ரிங்ஹாஸன் செயிண்ட் லூயிஸுக்கு. ஓக்லாண்டில் அத்தனை ஆட்டக்காரர்களுக்கும் சேர்த்து ஒரு வருஷச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். யாங்கீஸ் அதைப்போல மூன்று மடங்கு கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

டீமை நடத்திய ஜெனரல் மேனேஜர் பில்லி பீன். இவர் கதையே தனி. 1980-ல், பள்ளிக்கூடம் முடித்த கையோடு, 'பையன் சினிமா ஸ்டார் மாதிரி இருக்கான், நிச்சயம் பெரிய ஆளா வருவான்' என்று நியூயார்க் மெட்ஸ் முதல் சுற்றிலேயே அள்ளிக்கொண்ட ஆட்டக்காரர். வரவில்லை. பெரிய லீகில் 148 மேட்ச் ஆடி, மட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு, 1990-ல் ஓக்லாண்டிலேயே 'திறமை தேடும் வேலை கொடுங்கள்' என்று போய் நின்றார். ஆளின் தோரணையைப் பார்த்து வேலைக்கு எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குத் தானே சாட்சியாக இருந்தவர். பெண் பார்க்கப் போகிற மாதிரி நடை உடை பாவனை பார்த்து ஆள் எடுக்கிற வழக்கத்தை அவர் வெறுத்தது நியாயம்தான்.

பின்னே எதைப் பார்ப்பது? அதற்கு விடை, கான்ஸாஸில் ஒரு பீன்ஸ் டப்பா தொழிற்சாலையிலிருந்து வந்தது. (பீனுக்கும் பீன்ஸுக்கும் அப்படி ஒரு பூர்வஜென்ம பந்தம்!) அங்கே ராத்திரி வாட்ச்மேனாக இருந்த பில் ஜேம்ஸ் என்பவர், தூக்கத்தை விரட்ட பேஸ்பால் ஸ்கோர்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார். 1977-ல் சொந்தச் செலவில் அச்சடித்து விற்றார். ஓக்லாண்டில் பீனுக்கு முன்பு மேனேஜராக இருந்த ஆல்டர்சன் என்ற வக்கீல்தான் இந்த மாதிரிக் கணக்குகளை முதலில் டீமுக்குள் நுழைத்தவர். பீனுக்கு உதவியாளராக வந்தவர் ஹார்வர்டில் பொருளாதாரம் படித்த பால் டிபொடெஸ்டா. சினிமாவில் இவருக்கு வேறு பெயர் வைத்து, உருவத்தையும் குண்டாக்கிவிட்டார்கள். அது கிடக்கட்டும்.

கணக்கு இதுதான். பந்து வீசுகிறவர் நாலு பந்தைக் கன்னாபின்னாவென்று போட்டு, மட்டைக்காரர் அதையெல்லாம் அடிக்காமல் விட்டுவிட்டால், அவர் ஓசியில் முதல் பேஸுக்கு நடந்து போகலாம். நூறு வருஷமாக எல்லோரும் பார்த்துவந்த பேட்டிங் சராசரியில் இந்த நடைக்கு மார்க் கிடையாது. அதனால் ஆட்டக்காரர் சந்தையில் அதற்கு விலையும் கிடையாது. ஆனால் ஒரு டீமிடம் இருப்பது 27 அவுட்தான். அவுட்டாகாமல் நிற்கிறவன் கொடுக்கிற லாபம் அடித்து ஆடுகிறவன் கொடுக்கிற லாபத்துக்குக் குறைச்சலில்லை என்று பேரேடு சொன்னது. எல்லா ஆபீஸிலும் ஓர் ஆசாமி இருப்பாரே... மீட்டிங்கில் வாயைத் திறக்க மாட்டார், கைதட்டல் வாங்க மாட்டார், ஆனால் அவர் லீவு போட்ட அன்று ஒரு ஃபைலும் நகராது. அந்த மாதிரி ஆசாமிகளாகப் பார்த்து மலிவு விலையில் வாங்குவது என்று பீன் முடிவு செய்தார்.

அப்படிக் கிடைத்தவர்தான் ஸ்காட் ஹாட்டெபெர்க்.

பாஸ்டன் டீமில் கேட்சர். அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி உட்கார்ந்து எழுந்து பந்தைத் திருப்பி எறிகிற உத்தியோகம். முழங்கையில் நரம்பு பாதிக்கப்பட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு பந்தை ஒழுங்காகப் பிடித்து எறியவே முடியவில்லை. எறிய முடியாத கேட்சரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாஸ்டன் கைமாற்றிவிட்டது, வாங்கிய கொலராடோவும் 'வேண்டாம்' என்றது. வயது முப்பதுக்கு மேல், மனைவி, குழந்தைகள், கையில் வேலை இல்லை. அந்த நேரத்தில் ஓக்லாண்டிலிருந்து போன். சம்பளம் பத்து லட்சம் டாலருக்கும் கீழே. (நமக்கு அது பெரிசு. அந்த ஊர் பேஸ்பாலில் அது கருவேப்பிலைக் காசு.) ஒரே ஒரு நிபந்தனை: கேட்சர் வேலை வேண்டாம், ஜியாம்பி நின்ற முதல் பேஸில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் அவர் அதுவரை ஒழுங்காக நின்றதே கிடையாது! ஊரில் ஒரு டென்னிஸ் கோர்ட்டில் மனைவி மட்டையை வைத்துக்கொண்டு பந்தைத் தரையோடு தரையாக அடிக்க, இவர் ஓடி ஓடிப் பொறுக்கிப் பழகினாராம். 2002-ல் ஓக்லாண்டின் கோச் ரான் வாஷிங்டன் மீதியைக் கற்றுக்கொடுத்தார்.

சீசன் ஒன்றும் மேளதாளத்தோடு தொடங்கவில்லை. மே மாதக் கடைசியில் 20 வெற்றி, 26 தோல்வி. பேரேட்டுக்காரர்களைப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன. அப்புறம் மெல்ல நிமிர்ந்து, ஆகஸ்ட் 13-ம் தேதி ஆரம்பித்தது ஓட்டம். ஐந்து, எட்டு, பத்து, பன்னிரண்டு... நடுவில் ஆட்டக்காரர்கள் யூனியன் ஆகஸ்ட் 30-ல் ஸ்டிரைக் என்று நோட்டீஸ் கொடுத்து, அது கடைசி நேரத்தில் சமரசமானது வேறு. ஸ்டிரைக் நடந்திருந்தால் கதை பதினைந்தோடு அம்பேல்.

பதினெட்டாவது மேட்ச், கடைசி இன்னிங்ஸில் பின்தங்கியிருந்தபோது மிகேல் டெஹாடா ஹோம் ரன் அடித்து முடித்தார். மறுநாள் பத்தொன்பதாவது மேட்ச்சையும் கடைசி இன்னிங்ஸில் முடித்துவைத்தவர் அவரே. டொமினிகன் குடியரசில், சின்ன வயதில் ஷூ பாலிஷ் போட்டுப் பிழைத்தவர். இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். 2003-ல் மைக்கேல் லூயிஸ் எழுதிய 'மணிபால்' புத்தகமும், 2011-ல் பிராட் பிட் நடித்த படமும் கணக்கின் மகிமையைப் பாடுகிற வேகத்தில் டெஹாடாவை ஓரமாக உட்காரவைத்துவிட்டன. டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஸீட்டோ என்று அந்த டீமில் முதல்தரமான மூன்று பிட்சர்கள் இருந்ததையும்தான். அந்த வருஷம் அமெரிக்கன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருது டெஹாடாவுக்கு; சிறந்த பிட்சர் விருது ஸீட்டோவுக்கு. பேரேடு மட்டும் பந்து வீசாது ஸார்.

பத்தொன்பது என்பது அமெரிக்கன் லீகின் பழைய ரிக்கார்டு. 1906-ல் சிகாகோ, 1947-ல் யாங்கீஸ். அதைத் தாண்ட இன்னும் ஒன்று வேண்டும்.

செப்டம்பர் 4, 2002, புதன்கிழமை ராத்திரி. கூட்டம் வராத ஸ்டேடியம் என்று கேலி செய்யப்பட்ட ஓக்லாண்ட் கொலீஸியத்தில் அன்று 55,528 பேர். எதிரே கான்ஸாஸ் சிட்டி ராயல்ஸ். மூன்று இன்னிங்ஸ் முடிந்தபோது ஸ்கோர் 11-0. பதினொன்றுக்கு சைபர்! பந்து வீசுவது ஹட்சன். ஜனங்கள் பாதி பேர் மனசுக்குள் வீட்டுக்குக் கிளம்பியாயிற்று.

நாலாவது இன்னிங்ஸில் ராயல்ஸ் ஐந்து ரன். பரவாயில்லை, 11-5.

எட்டாவதில் இன்னும் ஐந்து. மைக் ஸ்வீனி ஒரே அடியில் மூன்று. 11-10. ஸ்டேடியம் கப்சிப்.

ஒன்பதாவதில், ஒரே ஒரு அவுட் பாக்கி என்ற நிலையில், சமன். 11-11. கல்யாணம் முடிந்து சாப்பாடும் முடிந்து வெற்றிலை போடும்போது மாப்பிள்ளை வீட்டார் 'ஒரு விஷயம் பேசணும்' என்று ஆரம்பித்த மாதிரி!

ஓக்லாண்ட் ஆட வந்தது. ஒரு அவுட். அடுத்தவருக்குப் பதிலாக, அதுவரை அன்றைய ஆட்டத்தில் இல்லாமல் உட்கார்ந்திருந்த ஹாட்டெபெர்க்கை அனுப்பினார்கள். அடிக்காமல் விடுவதற்காக வேலைக்கு எடுக்கப்பட்ட மனுஷன். ராயல்ஸின் ஜேஸன் கிரிம்ஸ்லி வீசிய முதல் பந்தை வழக்கம்போல விட்டார். இரண்டாவது பந்தை அடித்தார். வலது பக்கமாக, சுவரைத் தாண்டி, ஜனங்களுக்கு நடுவே போய் விழுந்தது. 12-11. பந்தை எறிய முடியாதவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார்.

இதில் கான்ஸாஸ் சிட்டிக்கு ஒரு பழைய மனக்குறை உண்டு. ஏனென்றால், அத்லெட்டிக்ஸ் 1955 முதல் 1967 வரை குடியிருந்தது கான்ஸாஸ் சிட்டியில்தான்! அதற்கும் முன்னால் ஃபிலடெல்ஃபியாவில். அங்கே கானி மேக் என்ற பெரியவர் 1901 முதல் 1950 வரை ஐம்பது வருஷம் அவர்களை நடத்தினார். யூனிஃபாரம் போட மாட்டார். கோட்டு, டை, கையில் ஸ்கோர் அட்டை சகிதம் ஆடிட்டர் மாதிரி உட்கார்ந்திருப்பார். ரிட்டையராகும்போது வயது 87. அவருடைய காலத்தில், 1929 அக்டோபர் 12-ம் தேதி, வேர்ல்ட் சீரிஸ் நாலாவது மேட்ச்சில் சிகாகோ கப்ஸுக்கு எதிராக 8-0 என்று செத்துக் கிடந்தது அத்லெட்டிக்ஸ். ஏழாவது இன்னிங்ஸில் ஒரே மூச்சில் 10 ரன்! சிகாகோவின் ஹாக் வில்சன் கண்ணில் வெயில் அடித்து, தலைக்கு மேலே வந்த பந்தையே காணோம் என்று தேடினார். ஆகவே பெரிய ஸ்கோரை வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது என்ற பாடம் அந்தக் குடும்பத்துக்குப் பாட்டன் காலத்திலேயே தெரிந்ததுதான்.

அதே அக்டோபர் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. மேக்கிடம் பணமில்லை. கோப்பை வாங்கிக் கொடுத்த சிம்மன்ஸ், க்ரோவ், ஃபாக்ஸ் என்று ஒவ்வொருவராக விற்றார். 1914-க்குப் பிறகும் அப்படித்தான் ஒரு நல்ல டீமைக் கலைத்திருக்கிறார்; 1916-ல் 117 தோல்வி. நல்ல டீம் கட்டுவது, காசில்லாமல் விற்பது: இந்தக் குடும்பத்தில் அது பரம்பரை வியாதி.

ஓக்லாண்டுக்குக் கூட்டிவந்த முதலாளி சார்லி ஃபின்லி, இன்ஷூரன்ஸ்காரர். டீமின் சின்னமாக ஒரு கோவேறு கழுதையை வைத்து அதற்குத் தன் பெயரையே சூட்டினார் என்றால் ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1972-ல் ரெஜி ஜாக்ஸன் மீசையோடு வந்து நின்றதும், 'மீசை வளர்க்கிற ஆட்டக்காரருக்கு 300 டாலர்' என்று அறிவித்தார். மீசை முளைத்ததோ அதிர்ஷ்டம் முளைத்ததோ, 1972, 73, 74 என்று மூன்று வருஷமும் வேர்ல்ட் சீரிஸ் அவர்களுக்கே. முனை முறுக்கிய மீசையை ராலி ஃபிங்கர்ஸ் எடுக்கவே இல்லை. பிற்காலத்தில் சின்சினாட்டி டீம் 'மழித்துவிட்டு வா' என்றபோது, மாட்டேன் என்று ஆட்டத்தையே விட்டுவிட்டார். ஆனால் அதே ஃபின்லி 1976-ல் ஃபிங்கர்ஸ் உட்பட மூன்று பேரை 35 லட்சம் டாலருக்கு விற்கப் பார்த்தார். பேஸ்பால் கமிஷனர் செல்லாது என்று சொன்னார். 1979 ஏப்ரலில் ஒரு ராத்திரி கொலீஸியத்துக்கு வந்த கூட்டம் எவ்வளவு தெரியுமா? 653 பேர். நம் ஊரில் சுமாரான ஒரு ரிசப்ஷனுக்கே அதைவிட அதிகம் வருவார்கள்.

இருபதுக்குத் திரும்புவோம். செப்டம்பர் 6-ல் மின்னஸோட்டாவிடம் 6-0 என்று தோற்று ஓட்டம் நின்றது. அந்த வருஷம் மொத்தம் 103 வெற்றி. மூன்று மடங்கு சம்பளம் கொடுத்த யாங்கீஸுக்கும் அதே 103! ஆனால் கோப்பைக்கான முதல் சுற்றில் அதே மின்னஸோட்டா 3-2 என்று வீட்டுக்கு அனுப்பியது. 2000, 2001, 2002, 2003 நாலு வருஷமும் முதல் சுற்று, நாலு தடவையும் 3-2. தொடர் வெற்றிக்கும் கோப்பைக்கும் ஜாதகப் பொருத்தமே கிடையாது போலிருக்கிறது. 1916-ல் நியூயார்க் ஜெயண்ட்ஸ் நடுவில் ஒரு டிராவோடு 26 மேட்ச் ஜெயித்து, சீசன் முடிவில் நாலாவது இடத்தில் நின்றது. 1935-ல் சிகாகோ கப்ஸ் 21, வேர்ல்ட் சீரிஸில் தோல்வி. ஓக்லாண்டின் இருபதைத் தாண்டி 2017-ல் க்ளீவ்லாண்ட் 22. அதுவும் முதல் சுற்றிலேயே அவுட்.

கோப்பை போனால் போகட்டும். ஓக்லாண்ட்காரர்களுக்குப் போனது அதைவிடப் பெரிசு.

மலிவாக வாங்கி ஜெயிப்பது எப்படி என்று பீன் காட்டிய பிறகு, பணக்கார டீம்களும் அதே பேரேட்டைத் திறந்துகொண்டன. ஓக்லாண்டுக்கு மிஞ்சியது 'மலிவு' மட்டும். 'கேப்' ஜவுளிக் கம்பெனிக் குடும்பத்து ஜான் ஃபிஷர் முதலாளியான பிறகு, நல்ல ஆட்டக்காரர்கள் தேறியதும் விற்பனை. ஸ்டேடியத்தில் சாக்கடை பொங்கியது. புது ஸ்டேடியம் என்ற பேச்சு வருஷக்கணக்கில் இழுத்தது. ஜனங்கள் வருவதைக் குறைத்தார்கள். 'பார்த்தீர்களா, ஊருக்கு டீம் மேல் அக்கறையில்லை' என்று லாஸ் வேகாஸுக்குப் பெட்டி கட்டினார்கள்.

2023 ஜூன் 13-ம் தேதி ரசிகர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பகிஷ்காரத்தைத் தலைகீழாகப் புரட்டி, 'எல்லோரும் வாருங்கள்' என்றார்கள். அந்த வருஷம் டீம் படுமோசம். ஜூன் முதல் வாரத்தில் 12 வெற்றி, 50 தோல்வி. அப்படியும் 27,759 பேர் பச்சை பனியன் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். பனியனில் 'விற்றுவிடு' என்று ஒரே வார்த்தை. டீமை வேறு யாருக்காவது விற்றுவிடு, ஊரைவிட்டுக் கொண்டுபோகாதே என்று அர்த்தம். அன்று அத்லெட்டிக்ஸ், நம்புங்கள், டாம்பா பேயை 2-1 என்று ஜெயித்தது. தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி!

அதே தேதியில், நெவாடா மாநிலத்து செனட்டில் லாஸ் வேகாஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரை அரசுப் பணம் கொடுக்கும் மசோதா பாஸானது. இரண்டு நாளில் கவர்னர் கையெழுத்து. நவம்பரில் மற்ற முதலாளிகள் ஓட்டுப் போட்டார்கள். முப்பதுக்கு முப்பது.

நான் கணக்குப் படித்தவன். ஹாட்டெபெர்க்கைக் கண்டுபிடித்த பேரேட்டை ரொம்ப நாள் பூஜை அறையில் வைக்காத குறையாகக் கொண்டாடியவன். அதே பேரேட்டில்தான் ஓக்லாண்ட் என்ற ஊரையும் ஒரு நாள் கூட்டிக் கழித்துப் பார்த்து, கட்டுப்படியாகவில்லை என்று எழுதினார்கள் என்பதை நான் ரொம்ப லேட்டாகத்தான் கவனித்தேன்.

2024 செப்டம்பர் 26, கொலீஸியத்தில் கடைசி மேட்ச். 46,889 பேர். தேசிய கீதம் பாடியவர், 2002-ல் பந்து வீசிய பேரி ஸீட்டோ. முதல் பந்து எறிய வந்தவர்களில் ஒருவர் அந்த ஊரிலேயே வளர்ந்து, ஓடி ஓடியே 1,406 பேஸ்களைத் திருடிய ரிக்கி ஹெண்டர்சன். (மூன்று மாதத்தில் அவரும் போய்விட்டார், 65 வயதில்.) டெக்சாஸை 3-2 என்று ஜெயித்தார்கள். ஜெயித்து முடித்த பிறகும் கூட்டம் நகரவில்லை. ஊழியர்கள் மைதானத்து மண்ணைக் கோப்பை கோப்பையாக அள்ளிக் கொடுக்க, வாங்கிக்கொண்டு போனார்கள்.

2025 சீசனை அத்லெட்டிக்ஸ் ஆடியது சாக்ரமெண்டோவுக்குப் பக்கத்தில், சின்ன லீக் டீமின் மைதானத்தில். லாஸ் வேகாஸில் 2028-க்குள் புது ஸ்டேடியம் கட்டி முடிக்கத் திட்டம். அதுவரை வாடகை வீடு. பெயருக்கு முன்னால் இப்போது எந்த ஊரும் கிடையாது. வெறும் 'அத்லெட்டிக்ஸ்', இனிஷியல் இல்லாமல்.